பாயான் லெப்பாஸ் மயக்கம்

பினாங்கில் மருத்துவக் கருவி என்றாலே பாயான் லெப்பாஸ் என்று சொல்லிப் பழகிவிட்டது. ஆலைகள் உலகத்துக்கே கருவி செய்து கப்பல் ஏற்றுகின்றன. பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கட்டுரை எழுதிப் பதவி உயர்வு வாங்குகிறார்கள். அவர்கள் கண்டுபிடித்த எதுவும் நோயாளியின் படுக்கை வரை வந்ததில்லை என்பது ஊர்ப்பேச்சு. உயிர்மருத்துவப் பொறியியல் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கும் அறிவுரையும் இதை ஒட்டியதுதான்: பட்டத்தை வாங்கு, ஆலையில் சேர், ஆய்வு கீய்வு என்று காலத்தை வீணாக்காதே. பரவலாக நம்பப்படும் இந்தப் பேச்சில் உண்மை குறைவு.

ஆலைகளின் பெருமையை மறுக்க வேண்டியதில்லை. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வளாகம் எழுந்தது. இன்டெல் வந்த அதே ஆண்டில் ஜெர்மனியின் பி. பிரவுன் நிறுவனமும் பினாங்குக்கு வந்தது. இரத்தக்குழாயில் மருந்தேற்றச் சொருகும் கானுலாக்கள் இங்கே தயாராகி உலகெங்கும் உள்ள மருத்துவமனைகளுக்குப் போகின்றன. இப்போது பத்து காவானிலும் மருத்துவக் கருவி ஆலைகள் வந்துவிட்டன. வேலை, ஒழுங்கு, தரக்கட்டுப்பாடு எல்லாம் நல்லவையே. சில ஆலைகள் ஆய்வுப் பிரிவும் வைத்திருக்கின்றன. ஆனால் எந்த நோய்க்குக் கருவி செய்வது என்று முடிவு செய்வது சந்தை. வாங்க ஆள் இல்லாத பொருளை எந்த ஆலையும் செய்யாது; செய்யவில்லை என்று அதைக் குறை சொல்லவும் முடியாது.

யானைக்கால் நோயை எடுத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகும். உலகில் இந்நோய் கண்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அதைத் தருவது ஊசெரேரியா புழு. மீதியில் பெரும்பங்கு புருகியா மலாயி என்னும் புழுவினால் வருவது. மலேசியா, இந்தோனேசியா, கேரளத்துச் சேர்த்தலைப் பகுதி ஆகியவை அதன் பழைய இருப்பிடங்கள். இரவில்தான் இதன் நுண்புழுக்கள் இரத்தத்தில் மிகுதியாக ஓடும். எனவே சுகாதார ஊழியர்கள் நள்ளிரவை ஒட்டிக் கிராமங்களுக்குப் போய், உறங்குபவர்களை எழுப்பி, விரல் குத்தி இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் தேட வேண்டியிருந்தது. புழு குறைவாக இருந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். ஊசெரேரியாவுக்குப் பகலிலேயே பார்க்கத்தக்க ஆன்டிஜென் சோதனை வந்துவிட்டது. புருகியாவுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. நோயாளிகள் சதுப்பு நிலத்துக் கிராமத்தார், தோட்டத்தார். அவர்களுக்காகச் சோதனைப் பெட்டி செய்து யார் இலாபம் பார்ப்பது?

அந்த வேலையைச் செய்தது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். கிளந்தானின் குபாங் கெரியானில் உள்ள மருத்துவப் பள்ளியில் தொடங்கி, பின்னர் பினாங்கு மிண்டன் வளாகத்தில் பணியாற்றிய பேராசிரியர் ரஹ்மா நோர்டினின் குழு, புருகியா புழுவின் மரபணு நூலகத்தை நோயாளிகளின் இரத்தநீரால் துழாவி ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தது. பிஎம்ஆர்1 என்று பெயரிடப்பட்ட அதைக் கொண்டு, உடலில் புழு உயிரோடிருக்கும்போது மிகும் ஐஜிஜி4 வகை எதிர்ப்பொருளைக் கண்டறியும் பட்டை உருவானது. புருகியா ரேப்பிட் என்ற அந்தச் சோதனைக்குப் பகல் இரவு பேதமில்லை. அரை மணி நேரத்துக்குள் கோடு தெரிந்துவிடும். மலேசிய நிறுவனம் ஒன்று அதைத் தயாரித்தது. 2000இல் தொடங்கிய உலக யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தில், புருகியா பரவிய பகுதிகளில் ஊர் முழுக்க மருந்து கொடுப்பதை நிறுத்தலாமா என்று தீர்மானிக்க ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு இந்தச் சோதனையே செய்யப்படுகிறது. மருந்து கொடுக்கத் தொடங்கிய பின் பிறந்த பிள்ளையிடம் எதிர்ப்பொருள் தெரிந்தால் கொசு இன்னும் நோயைப் பரப்புகிறது என்று பொருள்.

நோயாளி வரை எதுவும் வரவில்லை என்பவர்களுக்கு இது ஒன்றே போதும். ஆனாலும் கட்டுரை எழுதுவதை இழிவாகப் பேசும் பழக்கத்துக்கும் பதில் வேண்டும். புருகியா ரேப்பிட்டின் விவரங்கள் வெளியிடப்பட்டதால்தான் வேறு நாடுகளின் ஆய்வகங்கள் அதைத் தங்கள் மாதிரிகளில் சோதித்தன. அதே பல்கலைக்கழகத்தில் அஸ்மா இஸ்மாயில் குழுவினர் உருவாக்கிய டைஃபிடாட் என்னும் டைஃபாய்டு சோதனைக்கும் இது பொருந்தும். 1896இலிருந்து புழங்கும் விடால் சோதனைக்கு மாற்றாக அது வந்தது. நாள் கணக்கில் காத்திருக்கும் கிருமி வளர்ப்புக்குப் பதிலாகச் சில மணி நேரத்தில் விடை தந்தது. பின்னர் பல நாட்டுத் தரவுகளைத் திரட்டிப் பார்த்த ஆய்வுகள் அதன் துல்லியம் நடுத்தரமே என்றன. இந்தக் குறை வெளிச்சத்துக்கு வந்ததும் கட்டுரைகளால்தான். விளம்பரத் தாளில் யாரும் அதை அச்சிட்டிருக்க மாட்டார்கள்.

ஆண்டுக்கணக்கில் உழைத்தும் ஒன்றும் வரவில்லை என்பது இன்னொரு குற்றச்சாட்டு. அதற்கு விடை கேரளத்தில் கிடைக்கும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகத்தில் இதய அறுவை மருத்துவர் வலியத்தானும் பொறியாளர்களும் செயற்கை இதய வால்வு செய்யப் புறப்பட்டது 1970களின் பிற்பகுதியில். வால்வு ஆண்டுக்கு மூன்றரைக் கோடி முறைக்கு மேல் திறந்து மூட வேண்டும். ஒரு வடிவத்தில் தாங்கி முறிந்தது, ஒன்றில் உலோகம் தேய்ந்தது, ஒன்றில் நீலக்கல் வட்டு உடைந்தது. நான்காவது வடிவம்தான் 1990 டிசம்பர் 6 அன்று ஒரு நோயாளியின் இதயத்தில் பொருத்தப்பட்டது. பிறகு சென்னையைச் சேர்ந்த டிடிகே குழுமம் அதைத் தயாரித்து விற்றது. பொருத்தப்பட்டவை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. முதல் பத்தாண்டில் கணக்குப் பார்த்திருந்தால் அந்தத் திட்டம் வெறும் செலவாகத்தான் தெரிந்திருக்கும்.

பல்கலைக்கழகத்தைக் குறை கூற இடமே இல்லை என்பதல்ல. குறை உள்ள இடத்தை விட்டு வேறிடத்தில் கல்லெறிவதுதான் சிக்கல். உயிர்மருத்துவப் பொறியியல் ஒரே துறையின் சொத்து அல்ல. மின்னணு, இயந்திரம், பொருளறிவியல், மருத்துவம் ஆகியவற்றின் விரிவுரையாளர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் அது நடக்கும். திருவனந்தபுரத்தில் மருத்துவமனையும் பொறியாளர்களின் பட்டறையும் ஒரே நகரத்தில் இருந்தன. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகமோ 2001இல் பேராக்கிலிருந்து நிபோங் திபாலுக்கு இடம்பெயர்ந்தது. அதன் மருத்துவப் பள்ளியும் போதனா மருத்துவமனையும் மலைத்தொடருக்கு அப்பால் கிளந்தானில் இருக்கின்றன. ஜார்ஜ் டவுனின் பொது மருத்துவமனை சுகாதார அமைச்சுக்கு உரியது. கெப்பாளா பத்தாஸ் பெர்த்தாமில் உள்ள உயர்நிலை மருத்துவ, பல் மருத்துவக் கழகமாகத் தொடங்கிய நிலையம் ஒன்றுதான் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாகப் பொறியாளருக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. காலையில் ஒரு மருத்துவர் சொல்லும் குறையை மாலையில் திருத்திக் காட்டும் வசதி நிபோங் திபால் பொறியாளருக்கு இல்லை. பெற்றோரும் ஆலை நிர்வாகிகளும் கேள்வி கேட்க விரும்பினால், இந்த வளாகங்களை யார் எங்கே அமைத்தார்கள், ஏன் அமைத்தார்கள் என்று கேட்கலாம்.