சர்வர் டவுனா, ஒயர் டவுனா?

தரங்கம்பாடிக்கு வழியில் மாட்டிக்கொண்ட பார்சல் புதிதல்ல. 1711-ல் லண்டனிலிருந்து சீகன்பால்குக்கு ஓர் அச்சு இயந்திரம் கப்பலேறியது. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் கப்பல் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியது. தட்டுத்தடுமாறி 1712-ல் இயந்திரம் வந்து சேர்ந்தது. 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது. முந்நூறு வருஷம் கழித்தும் "எங்கே மாட்டியது" என்று சொல்ல முடிகிறதே, எப்படி? யாரோ எழுதி வைத்தார்கள். அவ்வளவுதான் ரகசியம்.

இன்றைக்கு எந்த ஊர் கவுண்டரிலும் நெட் இழுத்தால் ஒரே பதில்தான்: "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க." சான்றிதழுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர் பேசாமல் திரும்பிப் போவார். பெட்டியில் லினக்ஸ் இருந்தால் பழி இன்னும் சுலபம். 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது ஞாபகம் இருக்கும். நெட் வரவில்லையா? "லினக்ஸ்னாலே இப்படித்தான்" என்று அழித்துவிட்டார்கள் பலர்.

உண்மையில் லினக்ஸ் கணக்கு எழுதி வைக்கிற ஆள். டெர்மினலில் ஐஎஃப்கான்ஃபிக் என்று அடித்தால் போதும் (புது பெட்டிகளில் ஐபி கட்டளை). வந்த பாக்கெட் எத்தனை, பிழையானது எத்தனை, கைவிட்டது எத்தனை என்று வரிசையாகச் சொல்லும். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு அர்த்தம் உண்டு. 'ஃப்ரேம்' ஏறினால் பாக்கெட் சிதைந்து வருகிறது; முதலில் ஒயரைப் பார்க்க வேண்டும். 'ஓவர்ரன்' ஏறினால் வருகிற வேகத்துக்குப் பெட்டியால் வாங்க முடியவில்லை. 'கேரியர்' ஏறினால் இணைப்பே விட்டுவிட்டு வருகிறது. ஃபுல் டூப்ளெக்ஸில் ஓடும் கார்டில் 'கொலிஷன்' வரவே கூடாது. ஒரு பக்கம் ஃபுல், மறுபக்கம் ஹாஃப் என்று அமைந்துவிட்டால் பிங் ஒழுங்காகப் போகும், பெரிய ஃபைல் மட்டும் நத்தையாக நகரும்! இதை ஈத்டூல் காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் ஏமாற்று வேலை எங்கே என்றால், சிதைந்த பாக்கெட்டை கார்டு சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடும். டிசிபி மறுபடி அனுப்பச் சொல்லும. ஆக, பிழை பிழையாகத் தெரியாது, 'ஸ்லோ'வாகத்தான் தெரியும். கடற்கரை ஊரின் உப்புக் காற்று ஜன்னல் கம்பியையே தின்கிறது, மலிவான ஆர்ஜே-45 பின்னை விட்டுவைக்குமா?

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. ராமு கணக்கில் எழுத வேண்டியதை சோமு கணக்கில் எழுதினாலும் இருப்பாய்வு டேலி ஆகும். டிசிபி செக்சம்மும் வெறும் கூட்டல்தான். இரண்டு சொற்கள் இடம் மாறினால் அதற்குத் தெரியாது. 2000-ல் ஜொனாதன் ஸ்டோன், கிரெய்க் பார்ட்ரிட்ஜ் இருவரும் வெளியிட்ட ஆய்வில், 1,100 முதல் 32,000 பாக்கெட்டுக்கு ஒன்று என்ற அளவில் செக்சம் தவறியிருந்தது, அதுவும் ஒயரில் நடக்கும் சிஆர்சி சோதனையில் பாஸான பிறகு! அதாவது ஒயர் மட்டுமே குற்றவாளி இல்லை. நடுவில் இருக்கும் ரௌட்டரும் பெட்டியும்கூட சந்தேகப் பட்டியலில் உண்டு.

சரி, நம் ஆட்கள் முதலில் செய்வது என்ன? ரீஸ்டார்ட்! அந்த எண்ணெல்லாம் பூஜ்யமாகிவிடும். டேலி ஆகாத தொகையை அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போகிற கணக்குப்பிள்ளை வேலைதான் இது. பிழை அங்கேயேதான் இருக்கிறது, தடயம்தான் போய்விட்டது.

செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. எண்களை ஒரு பேப்பரில் குறித்து, பத்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். பழைய பிழை கிடக்கட்டும், ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. ஏறினால் முதலில் ஒயரை மாற்றுங்கள். பிறகு ஸ்விட்சில் போர்ட். பிறகு கார்டு. ஒரு தடவைக்கு ஒன்றுதான். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் சரியாகும், எது கெட்டது என்று மட்டும் தெரியாது. ஓஎஸ்ஸை மறுபடி ஏற்றுவது கடைசியிலும் கடைசி.

ஒரு மீட்டர் ஒயருக்காக ஒருவர் இரண்டு தடவை பஸ் ஏறி வருவது நியாயமா? அடுத்த முறை "சர்வர் டவுன்" என்று சொல்லத் தோன்றினால், அதற்கு முன்னால் அந்த ஒரு கட்டளையை அடித்துப் பாருங்கள். என்ன சொல்றீங்க?