கோஷ்டிப் பிரயாணிகளுக்கு நியாயம் எங்கே?

2025 டிசம்பர் முதல் வாரத்தில் நம் நாட்டு விமான நிலையங்களில் நடந்த அலங்கோலத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். உள்நாட்டு விமானப் பிரயாணிகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் இண்டிகோ கம்பெனி, டிசம்பர் 3 முதல் 5 வரை மூன்றே நாட்களில் 2,507 விமானங்களை ரத்து செய்தது. மேலும் 1,852 விமானங்கள் தாமதமாயின. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் தவித்தார்கள். இது நாம் சொல்லும் கணக்கல்ல. சர்க்காரின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமே விசாரித்து வெளியிட்ட கணக்கு.

இந்த மூன்று லட்சம் பேரைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. ஆனால் அவர்களிலும் இரட்டை அடி வாங்கிய ஒரு பகுதியினரைப் பற்றி அதிகம் பேச்சு எழவில்லை. அவர்கள் கூட்டாகப் புறப்பட்டவர்கள். கல்யாணக் கோஷ்டிகள், யாத்திரைக் கோஷ்டிகள், போட்டிக்குப் போகும் மாணவ மாணவியர், ஒப்பந்த வேலைக்கு அழைத்துச் செல்லப்படும் தொழிலாளர்கள் - இவர்களுடைய கதி என்ன என்பதை நாம் இன்று பேச விரும்புகிறோம்.

"விமானத்தில் போகிறவர்கள் பணக்காரர்கள்தானே, அவர்களுடைய கஷ்டம் நமக்கு எதற்கு?" என்று சில வாசகர்கள் கேட்கலாம். அந்தக் காலம் போய்விட்டது. வளைகுடா நாடுகளுக்கு உழைக்கப் போகிறவர் விமானத்தில்தான் போகிறார். மாதாமாதம் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்து, வாழ்நாளில் ஒரு முறை காசிக்குப் போக நினைக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியையும் இன்று விமானத்தில் ஏறுகிறார். தனியாக அல்ல, தெருக்காரர்களோடும் உறவினர்களோடும் சேர்ந்து ஏறுகிறார். பணக்காரனுக்கு ஒரு விமானம் போனால் இன்னொரு விமானம். இவர்களுக்கு அப்படியில்லை.

கம்பெனிகளின் வழக்கப்படி ஒரே பதிவில் ஒன்பது பேர் வரைதான் சாதாரண டிக்கெட் எடுக்க முடியும். பத்துப் பேரும் அதற்கு மேலும் என்றால் அது கோஷ்டிப் பதிவு. அதற்குத் தனி ஒப்பந்தம், தனி நிபந்தனைகள். பல வாரங்களுக்கு முன்பே, சில சமயம் பல மாதங்களுக்கு முன்பே, முன்பணம் கட்ட வேண்டும். கோஷ்டி பின்வாங்கினால் முன்பணம் கம்பெனிக்குச் சேரும். கம்பெனி பின்வாங்கினால்? வாங்கிய பணத்தைத் திருப்பித் தந்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் கட்டுப்படுத்தும் இந்தக் காகிதத்துக்கு ஒப்பந்தம் என்று பெயர்!

விமானம் ரத்தானால் நடப்பது என்ன? நாற்பது பேர் கொண்ட ஒரு கோஷ்டி சென்னையிலிருந்து டில்லிக்குப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். விமானத்தில் 180 இடங்கள். நூற்றுக்கு 85 நிரம்பியிருக்கிறது என்றால் 153 பிரயாணிகள். அது ரத்தானால், அதேபோல நிரம்பியிருக்கும் அடுத்த விமானத்தில் காலியிடம் 27தான். இந்த 27 இடங்களுக்கு 153 பேர் போட்டி. தனியாகப் போகிறவர் கைபேசியில் விரலை வைத்து ஐந்து நிமிஷத்தில் ஓர் இடத்தைப் பிடித்துவிடுவார். கோஷ்டிப் பதிவைப் பெரும்பாலும் அப்படி மாற்ற முடியாது. ஏஜெண்டைப் பிடிக்க வேண்டும். ஏஜெண்டு கம்பெனியின் கோஷ்டிப் பிரிவைப் பிடிக்க வேண்டும். பெயர்ப் பட்டியலைப் பிரிக்க வேண்டும். இதற்குள் இருந்த இடமும் பறிபோகும். கடைசியில், "இன்று ஆறு பேர், நாளை பதினொரு பேர், மற்றவர்களுக்குப் பணம் வாபஸ்" என்று பதில் வரும். பாட்டி ஒரு விமானத்தில், பேரன் ஒரு விமானத்தில்! பதினோரு பேர் கொண்ட கால்பந்துக் கோஷ்டியில் ஐவர் மட்டும் போய்ச் சேர்ந்தால் ஆட்டம் நடக்குமா? மணமகன் வந்து பெற்றோர் வராவிட்டால் அது கல்யாணமாகுமா? அந்த டிசம்பரில் கர்நாடகத்தில் மணமக்களே தங்கள் வரவேற்பு வைபவத்துக்கு வந்து சேர முடியாமல், விருந்தினர்கள் முன் திரையில் தோன்றிய கொடுமையும் நடந்தது.

இங்கேதான் சட்டத்தின் ஓட்டை இருக்கிறது. நாற்பது பேர் சேர்ந்து வாங்கியது நாற்பது தனித்தனி இடங்களை அல்ல. ஒரே நாளில் ஒரே இடத்துக்குச் சேர்ந்து போய்ச் சேரும் உறுதியை. பணம் வாங்கும்போது கம்பெனி அவர்களை ஒரு கோஷ்டியாகப் பார்க்கிறது. பொறுப்பு வரும்போது மட்டும் நாற்பது உதிரிகளாகப் பார்க்கிறது. இந்த இரட்டைக் கணக்கை நம் விதிகள் தட்டிக் கேட்கவில்லை.

இயக்குநரகத்தின் விதிப்படி, போதிய முன்னறிவிப்பு இல்லாமல் விமானம் ரத்தானால், பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500 அல்லது 10,000 ரூபாய் நஷ்டஈடு உண்டு. ஆனால் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து அதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த தொகைதான் கிடைக்கும். மலிவு டிக்கெட் எடுத்த ஏழைக்கு மலிவு நஷ்டஈடு! "அசாதாரண நிலைமை" என்று கம்பெனி நிரூபித்துவிட்டால் அதுவும் இல்லை. டிக்கெட் எடுக்கும்போது போதிய தொடர்பு விவரம் தராதவர்களுக்கும் நஷ்டஈடு கிடையாது. கோஷ்டிப் பதிவில் பல சமயம் ஏஜெண்டின் நம்பர் ஒன்றுதான் இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த விதி யாரைக் கடிக்கும் என்பது விளங்கும்.

பணம் வாபஸ் வந்துவிட்டால் கணக்குத் தீர்ந்ததா? அந்த வாரம் மற்ற விமானங்களின் கட்டணம் விண்ணை முட்டியது. டிசம்பர் 6-ல்தான் சர்க்கார் விழித்துக்கொண்டு உச்சவரம்பு விதித்தது: 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய். மாதங்களுக்கு முன் தலைக்கு 6,000 ரூபாய் கட்டிய டில்லிக் கோஷ்டி, உச்சவரம்பின்படியே மறுபடி டிக்கெட் வாங்கினாலும் தலைக்கு 12,000 ரூபாய் அதிகம். நாற்பது பேருக்கு 4,80,000 ரூபாய்! இதை யார் கொடுப்பது? 610 கோடி ரூபாய் வாபஸ் கொடுக்கப்பட்டது என்று சர்க்கார் பெருமையாக அறிவித்தது. ஜனங்கள் மேற்கொண்டு செலவழித்த பணத்துக்கு யாராவது கணக்கு எடுத்தார்களா? கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு 10,000 ரூபாய் மதிப்புள்ள வவுச்சர் தருவதாகக் கம்பெனி சொன்னது. அதாவது, நட்டாற்றில் விட்ட ஓடத்திலேயே மறுபடி ஏறிக்கொள்ளுங்கள் என்பது பொருள்.

இவ்வளவுக்கும் யார் காரணம்? விமானிகளுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்ன புதிய விதிதான் காரணம் என்று ஒரு பிரசாரம் அவிழ்த்துவிடப்பட்டது. இதை வன்மையாக மறுக்கிறோம். வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தியும், இரவில் தரையிறங்கும் எண்ணிக்கையை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தும் இயக்குநரகம் விதி வெளியிட்டது 2024 ஜனவரியில். அதன் இரண்டாம் கட்டம் அமலுக்கு வந்தது 2025 நவம்பர் 1-ல். இடையில் ஏறக்குறைய இரண்டு வருஷம்! தேவையான விமானிகளைச் சேர்த்துக்கொள்ள இந்த அவகாசம் போதாதா? இருக்கிற ஆட்களையும் விமானங்களையும் கடைசிச் சொட்டு வரை பிழிந்து லாபம் பார்த்ததுதான் முதற்காரணம் என்பதை இயக்குநரகத்தின் விசாரணையே ஒப்புக்கொண்டது. அப்படியிருக்க சர்க்கார் செய்தது என்ன? இரவு வேலை விதிகளிலிருந்து அந்தக் கம்பெனிக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு அளித்தது. குற்றம் நிர்வாகத்தினுடையது, தண்டனை தூக்கமிழந்த விமானிக்கு! களைத்த விமானி ஓட்டும் விமானத்தில் உட்கார்ந்திருப்பவர் பிரயாணிதான். ஆகவே விமானியின் ஓய்வும் பிரயாணியின் பாதுகாப்பும் ஒன்றே.

2026 ஜனவரியில் கம்பெனிக்கு 22.20 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. பெரிய தொகையாகத் தோன்றுகிறதல்லவா? 2024-25 நிதி ஆண்டில் அந்தக் கம்பெனியின் நிகர லாபம் 7,258 கோடி ரூபாய். நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 கோடி. ஆக, மூன்று லட்சம் பேரைத் தவிக்கவிட்டதற்குத் தண்டனை ஒரு நாள் லாபத்தைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். பாதிக்கப்பட்டவர்களுக்குப் பங்கிட்டாலும் தலைக்கு 740 ரூபாய்க்கு மேல் தேறாது. அபராதத் தொகை அவர்களுக்குப் போவதும் இல்லை.

வேறு நாடுகளில் எப்படி? ஐரோப்பிய யூனியன் 2004-ல் வகுத்த ஒழுங்குமுறை, விமானம் ரத்தானால் தூரத்தைப் பொறுத்துத் தலைக்கு 250, 400 அல்லது 600 யூரோ நஷ்டஈடு என்று நிர்ணயித்தது. டிக்கெட் மலிவா என்ற கேள்வியே அங்கு எழவில்லை. விமானிகள் சங்கம் முறைப்படி நடத்திய வேலைநிறுத்தத்தைக் காட்டிக்கூடக் கம்பெனி தப்பிக்க முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்தது. நம் விதியிலோ வேலைநிறுத்தமும் சர்க்கார் உத்தரவும் "அசாதாரண நிலைமை"ப் பட்டியலில் உள்ளன. 2019 செப்டம்பரில் தாமஸ் குக் என்ற பிரிட்டிஷ் சுற்றுலாக் கம்பெனி திவாலானபோது, வெளிநாடுகளில் சிக்கிய ஏறக்குறைய 1,40,000 பிரயாணிகளை அந்நாட்டு விமானத்துறை திரட்டி வீடு சேர்த்தது. கூட்டுச் சுற்றுலாப் பிரயாணிகளைக் காக்க ஒரு பொது நிதி அங்கே முன்பே இருந்தது. அதுவும் முதலாளித்துவ நாடுதான்!

இங்கே நிலைமை தலைகீழ். 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட் கம்பெனி விமானங்களை நிறுத்தி, திவால் மனுப் போட்டது. முன்கூட்டிப் பணம் கட்டியவர்கள் கடன்காரர் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டார்கள். 2025 ஜனவரியில் அதைக் கலைக்க உத்தரவாயிற்று. அதிக நாள் முன்பாக அதிகப் பணம் கட்டுகிற கோஷ்டிகளுக்குத்தான் இதில் அதிக ஆபத்து. அவர்களுடைய முன்பணம் கம்பெனிக்கு வட்டியில்லாக் கடன்!

டிசம்பரில் ஜனங்களுக்குக் கைகொடுத்தது யார்? பொதுத்துறையான ரயில்வே. 37 ரயில்களில் 116 பெட்டிகள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டன. அதில் முதலிடம் தென்னக ரயில்வேக்கு. ஆகாயத்தில் அப்படிக் கைகொடுக்கச் சர்க்கார் வசம் பெரிய விமான நிறுவனம் இல்லை. 1953-ல் தேசவுடைமையான ஏர் இந்தியாவை 2022 ஜனவரியில் டாட்டாவிடம் ஒப்படைத்துவிட்டார்களே!

இந்நிலையில் கூட்டாகப் புறப்படும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். கோஷ்டியில் ஒவ்வொருவருடைய போன் நம்பரும் பதிவில் ஏறும்படி செய்யுங்கள். ரத்து அறிவிப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பணத்துக்குப் பதில் வவுச்சரை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம். கம்பெனி திணிக்க முடியாது. ஏஜெண்டு மூலம் டிக்கெட் எடுத்தாலும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு கம்பெனியுடையதே என்று விதி சொல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35-வது பிரிவு, ஒரே பாதிப்புக்கு ஆளான பலர் சார்பில் ஒருவரோ சிலரோ கமிஷனின் அனுமதியுடன் மாவட்ட நுகர்வோர் கமிஷனில் வழக்குப் போட வழி செய்திருக்கிறது. தனித்தனியாக அலையாதீர்கள், சேர்ந்து போங்கள்.

சர்க்காரிடம் நாம் கோருவது இதுதான். பத்துப் பேருக்கு மேற்பட்ட கோஷ்டியின் விமானம் ரத்தானால், அவர்கள் சம்மதமின்றிப் பிரிக்கக் கூடாது. வேறு கம்பெனி விமானத்திலோ ரயிலிலோ பஸ்ஸிலோ கம்பெனியின் செலவில் சேர்த்து அனுப்ப வேண்டும். கட்டண வித்தியாசத்தைக் கம்பெனியே ஏற்க வேண்டும். முன்பணத்தைக் கம்பெனி தொட முடியாத தனிக் கணக்கில் வைக்க வேண்டும். நஷ்டஈட்டை டிக்கெட் விலையோடு முடிச்சுப் போடும் விதியை நீக்க வேண்டும். அபராதப் பணம் பாதிக்கப்பட்டவர்களுக்கே சேர வேண்டும். விமானிகளின் ஓய்வு விதிக்கு இனி எந்தக் கம்பெனிக்கும் விலக்கு அளிக்கக் கூடாது.

இவற்றில் ஒன்றுகூட நடக்க முடியாத காரியமல்ல. ஆனால் தானாகக் கிடைக்கப் போவதும் இல்லை. பாதிக்கப்பட்ட பிரயாணிகளும், பழி சுமத்தப்பட்ட விமானிகளும், விமான நிலையக் கவுண்டர்களில் ஜனங்களின் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொண்ட ஊழியர்களும் ஒன்றாக நின்று கேட்டால் சர்க்கார் செவிசாய்த்தே தீர வேண்டும். அடுத்த டிசம்பர் வருவதற்கு முன் கேட்போம்.