பழைய வெளிநாட்டு லாரி கேட்கிறவங்களுக்கு வடசென்னையிலிருந்து ஒரு திரெட்

கொஞ்சம் நீளமான திரெட். படிச்சுட்டு திட்டுங்க, படிக்காம திட்டாதீங்க.

வெளிநாட்டில் கழித்துக் கட்டிய பழைய லாரி ஒன்றை வாங்கணும். பெரும்பாலும் ஜெர்மன் தீயணைப்பு வண்டி, இல்லைன்னா ராணுவ வண்டி. கப்பலில் ஏற்றி சென்னைத் துறைமுகத்தில் இறக்கணும். பின்பக்கப் பெட்டிக்குள் கட்டில், அடுப்பு, கூரையில் சோலார்னு வீடா மாத்தி, குடும்பத்தோட லடாக் வரைக்கும் போகணும். ரீல்ஸ் பார்த்துப் பார்த்து நம்மில் நிறையப் பேருக்கு இந்த ஆசை வந்துடுச்சு. கனவு நல்லாத்தான் இருக்கு. அதோட ஒட்டிக்கிட்டு வர்ற கோரிக்கைதான் பிரச்சினை: "இந்த இறக்குமதி விதியை எங்களை மாதிரி ஆர்வலர்களுக்காவது தளர்த்தணும்."

தளர்த்தக் கூடாது. ஒரு வண்டிக்குக் கூட. ஏன்னு ஒரு டாக்டரா சொல்றேன்.

முதல்ல விதி என்னன்னு பார்த்துடுவோம், ஏன்னா கேட்கிறவங்க பாதிப் பேர் அதைப் படிச்சதில்லை. பயன்படுத்திய வண்டியை இந்தியாவுக்குள் கொண்டுவரணும்னா, தயாரித்து 3 வருஷத்துக்கு மேல ஆகியிருக்கக் கூடாது. ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கணும். இன்னும் 5 வருஷமாவது சாலையில் ஓடத் தகுதியா இருக்கணும். அதுவும் மும்பைத் துறைமுகம் வழியா மட்டும்தான் வரலாம். அதாவது ராயபுரத்திலோ எண்ணூரிலோ அந்த வண்டியை இறக்கவே முடியாது. நீங்க ஆசைப்படுற 1975 மாடல் உருண்டை மூக்கு மெர்சிடிஸ், இடது ஸ்டியரிங்கோட, இந்த எல்லா நிபந்தனையிலும் ஃபெயில்.

"வெளிநாட்டுக்காரங்க மட்டும் அப்படிப்பட்ட வண்டியில இங்க சுத்துறாங்களே?" சுத்துறாங்க. கார்னேங்கிற தற்காலிக அனுமதியில் வர்றாங்க. திரும்ப எடுத்துட்டுப் போயே ஆகணும். விட்டுட்டுப் போனா வரி கட்டணும்.

"விண்டேஜ்னு கொண்டு வரலாமே?" 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதி 50 வருஷம் தாண்டிய பைக்குக்கும் காருக்கும். உருவத்தைப் பெரிசா மாத்தியிருக்கக் கூடாது. கண்காட்சி, ராலி மாதிரி வேலைக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். லாரிக்குள் கிச்சன் கட்டிட்டு அந்தப் பக்கம் போகவே முடியாது.

சரி, இதில் டாக்டருக்கு என்ன வேலை?

புகை. 1992-ல் ஐரோப்பா கொண்டுவந்த யூரோ 1 விதிப்படி பெரிய லாரி இன்ஜின் ஒரு கிலோவாட்-மணிக்கு 0.36 கிராம் துகள் கக்கலாம். யூரோ 6-ல் அது 0.01 கிராம். நம்ம பிஎஸ்-6 கிட்டத்தட்ட அதே அளவு. சோதனை முறை மாறியிருக்கு, அதனால 36 மடங்குன்னு ஒரே வரியில் சொல்லிட மாட்டேன். ஆனா எந்த அளவு வித்தியாசம்னு புரியுதில்ல? இது 1992 வண்டிக்கு. அதுக்கு முந்தைய லாரிகளுக்குத் துகள் எடைக்கு வரம்பே கிடையாது, கண்ணுக்குத் தெரியுற கரும்புகைக்குத்தான் கட்டுப்பாடு. நீங்க தேடுறது பெரும்பாலும் அந்த வயசு வண்டியைத்தான்.

டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூனில் உறுதியா வகைப்படுத்திடுச்சு. முதல் பிரிவு. சிகரெட், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிற அதே பட்டியல். பெர்லின் 2008-லேயே ஊர் நடுவில் பழைய டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு போட்டுச்சு. நியாயமா ஒன்னு சொல்லணும், வரலாற்று வண்டிகளுக்கு அங்க விலக்கு உண்டு. ஆனா அந்த விலக்கு, மத்த எல்லாத்தையும் சுத்தப்படுத்தின ஊர் தர்ற சலுகை. மணலி, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2009 கணக்கிலேயே நாட்டின் மிக மோசமா மாசுபட்ட தொழிற்பகுதிகளில் ஒன்னு. அனல் மின் நிலையச் சாம்பல், சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, அதுக்கு நடுவில் மூணு துறைமுகத்துக்கும் போகிற டிரெய்லர்கள். இந்த ஊர் யாருக்கும் புகைச் சலுகை தர்ற நிலைமையில் இல்லை.

"ஒரே ஒரு வண்டி சார், வருஷத்துக்கு ரெண்டு ட்ரிப்." எல்லாரும் கேட்கிற கேள்வி இது. சட்டத்தில் கதவை ஒரு ஆளுக்காகத் திறக்க முடியாது. ஆர்வலருக்குத் திறந்தா அதே கதவில் வியாபாரி நுழைவான். 2015-லிருந்து 2018 வரை ஐரோப்பா, ஜப்பான், அமெரிக்காவிலிருந்து 1 கோடியே 40 லட்சம் பழைய சிறு வாகனங்கள் வெளியே போயிருக்குன்னு ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2020-ல் கணக்கு சொன்னது. அதில் சுமார் 80 சதவீதம் ஏழை, நடுத்தர வருமான நாடுகளுக்கு. பாதிக்கும் மேல ஆப்பிரிக்காவுக்கு. அந்த வரிசையில் நாம நிக்காம இருக்கோம்னா அதுக்கு நீங்க திட்டுற இந்த 3 வருஷ விதியும் ஒரு காரணம்.

புகையை விட எனக்கு அதிகக் கோபம் வர்றது அடுத்த விஷயத்தில்தான். அந்த லாரியை வீடா மாத்துறது யார்?

வீடியோவில் அழகா டைம்லாப்ஸ் போடுவீங்க. பழைய பெயின்ட்டை கிரைண்டர் வெச்சு உரிக்கிறான் ஒரு பையன். மூக்கில் கர்ச்சீப். அந்தக் காலத்து ப்ரைமரிலும் மஞ்சள், சிவப்பு பெயின்ட்டிலும் ஈயம் இருக்கும். அந்தத் தூசி அவன் சட்டையோட வீட்டுக்குப் போகுது. அதே சட்டையோட குழந்தையைத் தூக்குறான். ஈயம் குழந்தைக்கு ரத்தசோகையைக் கொடுக்கும், படிப்பு ஏறாம பண்ணும். சுலபத்தில் வெளிய தெரியாது. "பையன் மந்தமா இருக்கான் சார்"ன்னுதான் கூட்டிட்டு வருவாங்க.

அடுத்து பிரேக் லைனிங், கேஸ்கெட், சைலென்சரைச் சுத்தியிருக்கிற வெப்பத் தடுப்பு. அந்த வயசு ஐரோப்பிய வண்டியில் இதெல்லாம் ஆஸ்பெஸ்டாஸா இருக்க நிறைய வாய்ப்பு. ஜெர்மனி 1993-ல் ஆஸ்பெஸ்டாஸைத் தடை பண்ணுச்சு. அங்க அதைக் கழட்டணும்னா தனி உடை, தனி முகமூடி, தனிப் பயிற்சி. இங்க? கம்ப்ரஸர் காத்தை அடிச்சு ஊதித் தள்ளுவாங்க. நுரையீரல் உறையில் வர்ற மீசோதிலியோமா புற்றுநோய் 20, 30, 40 வருஷம் கழிச்சுதான் தலை காட்டும். அப்ப உங்க சேனலும் இருக்காது, அந்தப் பட்டறையும் இருக்காது. நோயாளி மட்டும் இருப்பார்.

அப்புறம் வெல்டிங். துத்தநாகம் பூசின தகடை வெல்ட் பண்ணினா வர்ற வெள்ளைப் புகையை இழுத்தவனுக்கு சாயந்திரம் குளிர் எடுத்து ஜுரம் வரும், உடம்பு முறுக்கும், ஒன்னு ரெண்டு நாளில் போயிடும். எங்க பக்கம் குளிர் ஜுரம்னாலே முதல்ல மலேரியா டெஸ்ட்தான். நெகட்டிவ் வரும், மாத்திரை கொடுப்போம், அவரும் திரும்ப வேலைக்குப் போயிடுவார். 'என்ன வேலை பார்க்கிறீங்க'ன்னு கேட்டாதான் விஷயம் பிடிபடும். (இளம் டாக்டர்கள் யாராவது படிச்சா, தயவுசெஞ்சு அந்தக் கேள்வியைக் கேளுங்கப்பா.)

கடைசியா குளிரும் சூடும் உள்ள வராம சுவத்தில் அடிக்கிற நுரை. ரெண்டு கேனைக் கலந்து ஸ்ப்ரே பண்றது. அதில் இருக்கிற ஐசோசயனேட்டுக்கு உடம்பு ஒரு தடவை பழகிட்டா, அப்புறம் துளி பட்டாலும் ஆஸ்துமா. தொழிலையே விடணும். பழைய வண்டின்னு இல்லை, எந்த வண்டியில் அடிச்சாலும் இதுதான். காத்து அடைச்ச இரும்புப் பெட்டிக்குள்ள உட்கார்ந்து அதை அடிக்கிற பையனுக்கு நீங்க வாங்கிக் கொடுத்த முகமூடி என்ன விலை?

இப்ப உங்க உசுரு. 2024 டிசம்பரில் கேரளாவில் வடகரைக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலை ஓரமா நின்ன கேரவனுக்குள் ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. ஜெனரேட்டர் புகை உள்ளே புகுந்து கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ரத்தத்தைப் பிடிச்சுக்கும். விரலில் மாட்டுற ஆக்சிமீட்டர் அப்பவும் 98 காட்டும், ஏன்னா அதுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தூங்கிட்டிருக்கிறவர் அப்படியே போயிடுவார். தரை ஓட்டை, மட்கிப்போன ரப்பர், வெடிச்ச சைலென்சர் இருக்கிற 50 வருஷ லாரியை நல்லா காத்துப் புகாம அடைச்சு, அதுக்குள்ள குழந்தைகளைத் தூங்க வைக்கப் போறீங்க.

இதையெல்லாம் தடுக்கத்தான் இங்க கேரவனுக்குன்னு ஏஐஎஸ்-124-ன்னு தனித் தரம் இருக்கு. ஆர்.சி. புக்கில் இருக்கிறதுக்கு மாறா வண்டியின் அடிப்படை அமைப்பை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்லுது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்திடுச்சு. 'ஆர்டிஓ தொல்லை'ன்னு நீங்க சொல்றது இதைத்தான்.

வழி இருக்குன்னு எவனாவது ஏஜென்ட் சொல்லி, கன்டெய்னரில் வேற பேர் போட்டுக் கொண்டு வந்தீங்கன்னா, வண்டி பறிமுதல் ஆகி மணலிப் பக்கம் ஏதாவது சரக்குப் பெட்டக நிலையத்தில் நிக்கும். சுங்கத் துறை 2015-ல் பிடிச்ச சுமார் 700 டன் அமோனியம் நைட்ரேட், 2020-ல் பெய்ரூட் வெடிச்சதுக்கு அப்புறம்தான் மணலியிலிருந்து நகர்ந்துச்சு. உங்க லாரி அதை விட அவசரம்னு யாரும் நினைக்க மாட்டாங்க.

'லாரி வாழ்க்கை'ன்னு ஹாஷ்டேக் போடுறவங்க ஒரு நாள் எண்ணூர் விரைவு சாலைக்கு வாங்க. துறைமுகத்துக்குள் போக டிரெய்லர்கள் வரிசையா நிக்கும். நெரிசல் முத்தினா ராத்திரி பகல்னு. டிரைவர் அண்ணன்கள் கேபினுக்குள்ளேயே சமைச்சு, சாப்பிட்டு, தூங்குறாங்க. என்கிட்ட வர்ற டிரைவர்களில் சிறுநீரகக் கல்லு சகஜம். தண்ணி நிறையக் குடிங்கன்னு சொன்னா, குடிச்சா எங்க போறதுன்னு திருப்பிக் கேட்பாங்க. என்கிட்ட அதுக்கு மருந்து இல்லை. சுகர், பிரஷர், மூலம், இடுப்பு வலி எல்லாம் இதோட சேர்ந்து வரும்.

ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் ஓட்டணும், 5 மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு கொடுக்கணும்னு சட்டத்தில் இருக்கு. வரிசையில் நகர்ந்துக்கிட்டே இருக்கிற நேரத்தை யாரும் கணக்கு வெக்கிறதில்லை. புது லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம்னு 2025 அக்டோபர் 1-லிருந்துதான் வந்துச்சு. ரோட்டில் ஏற்கெனவே ஓடுற வண்டிக்கு அது கிடையாது. இந்த நெரிசலைக் குறைக்க துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009-ல் அடிக்கல் நாட்டினாங்க, 2012-ல் வேலை நின்னுச்சு, 2022-ல் மறுபடி அடிக்கல் நாட்டினாங்க. நடுவில் போன வருஷங்களை இந்த மனுஷங்க கேபினில் கழிச்சிருக்காங்க.

ஒரு விதியை மாத்தச் சொல்லி குரல் கொடுக்க உங்களுக்கு ஆள் பலமும் ஃபாலோயரும் இருக்கு. டிரைவர்களுக்கு அது இல்லை. ராயபுரம் ஜீரோ கேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் லாரி நிக்கிற இடமெல்லாம் கழிப்பறை, குளிக்க இடம், குடிதண்ணி, படுக்க ஒரு கூடம் கேளுங்க. லாரியை வீடா மாத்துறதில் உங்களுக்கு அவ்வளவு அக்கறைன்னா, தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

வண்டி வேணும்கிறவங்களுக்கும் வழி இருக்கு. நீங்க ஏங்குற அந்த ஜெர்மன் மூக்கு 1954-லிருந்து டாடா-மெர்சிடிஸ்னு ஜாம்ஷெட்பூரில் செஞ்சு நம்ம ரோட்டில் ஓடினதுதான், ஒன்னும் அதிசயமில்லை. லாரி வேணும்னு கப்பல் பார்க்கவும் வேண்டாம், எண்ணூரிலேயே 1948-லிருந்து வண்டி செய்யற தொழிற்சாலை இருக்கு. புது பிஎஸ்-6 சேஸி எடுங்க. ஏஐஎஸ்-124 சான்றிதழ் வாங்கித் தர்ற இடத்தில் பாடி கட்டுங்க. வேலை செய்யற பசங்களுக்கு நல்ல முகமூடி உங்க செலவில் வாங்கிக் கொடுங்க. ஜெனரேட்டரை வண்டிக்குள்ள வெக்காதீங்க. தலைமாட்டில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்க, மாசம் ஒரு தடவை பட்டனை அமுக்கி சத்தம் வருதான்னு பாருங்க.