சத்தம் கேட்டா டைனமோவை மாத்திடணுமா?

போன மாசம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு, பக்கத்துத் தோட்டத்து அண்ணனைப் பாம்பு கடிச்சிருச்சு. 108-க்குப் போன் பண்ணினோம். பள்ளத்தைத் தாண்டி தோட்டம் வரைக்கும் வண்டி வராது, தார் ரோட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுங்கன்னாங்க. அந்த மூணு கிலோமீட்டருக்கு எங்களுக்கு இருக்கிறது என்னோட பழைய டீசல் ஜீப் ஒண்ணுதான்.

செல்ஃப் முக்கி முக்கி எடுத்தது. பாதி வழியில ஹெட்லைட் மஞ்சளாகி, மெழுகுவத்தி வெளிச்சத்துக்கு வந்துருச்சு. அண்ணன் பையன் வெளியே எட்டி டார்ச் அடிக்க, ஊர்ந்துதான் போனோம். நல்லவேளை, இன்ஜின் நிக்கல. இந்தப் பழைய டீசல் இன்ஜின்ல பம்பு மெக்கானிக்கல். ஒருதடவை ஓட ஆரம்பிச்சுட்டா கரண்ட் வேண்டியதில்லை.

அண்ணன் பிழைச்சுட்டார். ஆனா மூணு வாரமா அந்த வண்டி முன்பக்கம் 'கர்ர்'னு சத்தம் போட்டுக்கிட்டே இருந்தது. மஞ்சள் வெட்டுற வேலையில நான்தான் கண்டுக்காம விட்டேன். அது இன்னும் உறுத்துது.

மறுநாள் மெக்கானிக் தம்பிகிட்ட கொண்டு போனேன். அஞ்சு நிமிஷம் கேட்டான். "சத்தம் வருது, லைட்டும் டிம்மாகுது. டைனமோ போச்சுங்கண்ணா, மாத்திடலாம்" என்றான். 9,000 ரூபாய். (ஆல்டர்னேட்டர்னு சொல்லணும். எங்க பக்கம் இன்னும் டைனமோதான்.) பணம் கையில இல்லாததால, ஒயரிங் வேலை பார்க்கிற ஒரு பெரியவர்கிட்ட போனேன். பணம் இருந்திருந்தா மாத்தியிருப்பேன், பொய் சொல்லக்கூடாது.

பெரியவர் முதல்ல ஸ்பேனரைத் தொடவே இல்லை. இன்ஜினை ஓட விட்டு, ஃபேன் பெல்ட்டு மேல ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டார். சத்தம் மாறல. பெல்ட்டு வழுக்கினா கீச்சுனு கத்தும், தண்ணி பட்டதும் மாறும்; டயோடு போயிருந்தா லைட்டைப் போடப் போட முனகல் ஏறும், ராத்திரி நிறுத்தி வச்சாலும் பேட்டரி இறங்கலாம், இது ரெண்டுமில்லைன்னார். இன்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழட்டி, டைனமோ புல்லியைக் கையால சுத்தச் சொன்னார். உள்ளே மணல் அரைபடுற மாதிரி நறநறன்னுது. பேரிங்.

அப்போ லைட்டு? பெல்ட்டைத் திரும்ப மாட்டி, ஸ்டார்ட் பண்ணி, ஹெட்லைட்டைப் போட்டு, மீட்டரை டைனமோவிலேயே வச்சார். 14.2 வோல்ட். நல்லாத்தான் உற்பத்தி பண்ணுது. பேட்டரி முனையில வச்சார், 12.4. நடுவுல 1.8 வோல்ட்டை எவனோ திங்கிறான். பிளஸ் ஒயர்ல ஒண்ணுமில்லை. டைனமோ உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல வச்சதும் திருடன் மாட்டினான்: இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போற எர்த்துப் பட்டை. போல்ட்டு இறுக்கமாத்தான் இருந்தது. கழட்டினா அடியில முழுக்கத் துரு. ஆக்சிலேட்டர் கேபிள் கொஞ்ச நாளா இறுக்கமா இருந்ததுக்கும் அதான் காரணமாம். செல்ஃப் அடிக்கும்போது கரண்ட் எர்த்துப் பட்டை வழியா போக முடியாம அந்தக் கேபிள் வழியா போய், அதைச் சுட்டுவச்சிருக்கு.

ஆக, ரெண்டு சின்னக் கோளாறு ஒரே நேரத்துல சேர்ந்து ஒரு பெரிய கோளாறு மாதிரி வேஷம் போட்டிருக்கு. டைனமோவை மாத்தியிருந்தா சத்தம் போயிருக்கும்; லைட்டு அப்படியேதான் இருந்திருக்கும். அடுத்து பேட்டரியை மாத்தச் சொல்லியிருப்பாங்க. நானும் மாத்தியிருப்பேன்.

பேரிங், உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சது, புதுப் பட்டை எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய் ஆச்சு. அதுல பெரியவர் கூலி 400. ரெண்டரை மணி நேர வேலை.

மெக்கானிக் தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். குறை நம்ம மேலதான். 9,000 ரூபாய்ப் பொருளை மாத்தினா பேசாம எண்ணிக் கொடுக்கிறோம். ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து துருப்பிடிச்ச ஒரு போல்ட்டைக் கண்டுபிடிச்சு 500 கேட்டா, "சும்மா பார்த்ததுக்கா?"ன்னு கேட்கிறோம். அப்புறம் அவன் எதுக்குப் பார்ப்பான்? மருந்துக்கடையிலயும் இதே கதைதான். செடியைப் பார்க்காமலே, இலை மஞ்சளாச்சுன்னு சொன்ன உடனே பாட்டிலை எடுத்து நீட்டுறாங்க. வேரைப் பிடுங்கிப் பார்க்கிறவனுக்கு யாரும் கூலி தர்றதில்லை.

கோயமுத்தூர்ல இருக்கிற என் சிநேகிதன், "அதை எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்குடா"ங்கிறான். வாங்கலாம். புது வண்டியிலயும் எர்த்துப் பட்டை உண்டு, அதுவும் ஒருநாள் துருப்பிடிக்கும். அப்போ எங்க பள்ளத்துக்கு லேப்டாப்போட யார் வருவாங்கன்னு அவன்தான் சொல்லணும்.

உங்ககிட்ட பழைய வண்டி இருந்தா ஒரு விஷயம். டைனமோ வேலை செய்யுதான்னு பார்க்க, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழட்டுற பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கு. அந்தக் காலத்து நிஜ டைனமோவுக்கு ஒருவேளை அது ஓடியிருக்கும். ஆல்டர்னேட்டர்ல அப்படிச் செஞ்சா நல்லா இருக்கிற டயோடும் போயிரும். தடுத்துருங்க. அதே மாதிரி சாவி போட்டதும் சார்ஜிங் லைட் எரியுதான்னும் பாருங்க. பல வண்டியில அந்தப் பல்பு வழியா போற கரண்ட்தான் டைனமோவை எழுப்பிவிடுது. பத்து ரூபாய் பல்பு போனாலும் சார்ஜ் ஏறாம நிக்கலாம்.

என் வண்டியில இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. இடதுபக்கம் ஒடிச்சா ஹாரன் தானா அடிக்குது. பெரியவர் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கார். இந்தத் தடவை கூலி 500-ன்னு நானே முதல்ல சொல்லிட்டேன்.