குமிழைக் கும்பிடுவோருக்கு

பெஞ்ச் பவர் சப்ளையைக் கணினி நிரலால் இயக்குவது நேற்று முளைத்த மோகம், வீண் செலவு, ஆபத்து, போதாக்குறைக்கு மாணவர்களின் கைத்திறனைக் கெடுக்கும் வேலை என்று மின்னணுவியல் ஆசிரியர் ஒருவர் எழுதித் தள்ளியிருக்கிறார். பட்டம் பெற்றவர் எழுதியதாயிற்றே என்று பொறுமையாகப் படித்தேன். ஒரு பத்தி இன்னொரு பத்தியின் காலை வாரிவிடுகிறது.

மோகமாம். எந்த நேற்று முளைத்தது? அளவீட்டுக் கருவிகளைக் கணினியோடு பிணைக்க ஹியூலெட்-பேக்கர்ட் 1960களின் பிற்பகுதியில் உருவாக்கிய இணைப்புமுறை 1975இல் ஐஇஇஇ 488 என்ற தரமாயிற்று. பொதுக் கட்டளைகள் 1987இலும், எஸ்சிபிஐ என்ற கட்டளைமொழி 1990இலும் வகுக்கப்பட்டன. இது தெரியாமல் எழுதினாரென்றால் அறியாமை. தெரிந்தே மறைத்தாரென்றால் அதற்கு வேறு பெயர்.

விலையுயர்ந்த மென்பொருளும் மாதக்கணக்கில் பயிற்சியும் இல்லாமல் முடியாதென்கிறார். எஸ்சிபிஐ வெறும் எழுத்துவரி. ‘வோல்டேஜ் 5’ என்று அனுப்பினால் ஐந்து வோல்ட், ‘கரண்ட் 0.5’ என்றால் அரை ஆம்பியர் வரம்பு. ‘அவுட்புட் ஆன்’ என்றால் மின்சாரம் வெளிவரும். கட்டளையின் முடிவில் கேள்விக்குறி வைத்தால் கருவி பதில் சொல்லும். பைத்தான் மொழியும், அதிலிருந்து கருவியோடு பேச உதவும் பைவீசா நூலகமும் இலவசம். யூஎஸ்பி, சீரியல், லேன் ஏதோவொரு போர்ட் உள்ள சப்ளை, ஒரு கேபிள், பத்துப் பன்னிரண்டு வரி நிரல், அவ்வளவே. இதைப் பூதமாகக் காட்டினால் யாருக்கு லாபம்? அந்தப் பயிற்சிக்குக் கட்டணம் வாங்கி வகுப்பெடுப்பவர் அவரேதான்; கட்டுரையின் எந்த மூலையிலும் அதை அவர் சொல்லவில்லை.

ஆபத்துக்கு வருவோம், அவர் வாதத்தில் கொஞ்சமாவது சதையுள்ள இடம் இதுதான். நிரல் நடுவில் நின்றுபோனால் சப்ளை கடைசியாகச் சொன்ன மின்னழுத்தத்தையே கொடுத்துக்கொண்டிருக்கும் என்கிறார். பெரும்பாலும் உண்மை. குமிழைத் திருகி வைத்துவிட்டு ஆள் டீ குடிக்கப் போனாலும் அதுதானே நடக்கும்? மின்னோட்ட வரம்பைக் காப்பது மேசைமேல் உள்ள கணினியன்று, சப்ளைக்குள் இருக்கும் சுற்று. வரம்பைத் தொட்டதும் அது தானாக மின்னழுத்தத்தைத் தாழ்த்திவிடும். முதலில் வரம்பை அமைத்து, ஓவர்-வோல்டேஜ் காப்பு இருந்தால் அதையும் அமைத்து, பிறகே அவுட்புட்டைத் திறப்பது, பிழை ஏதும் உண்டா என்று கருவியையே கேட்பது, நிரல் பிழையால் முறிந்தாலும் அவுட்புட்டை அணைக்கும் வரியை எழுதிவைப்பது: இதையெல்லாம் சொல்லித்தர வேண்டிய ஆசிரியர் பயமுறுத்திவிட்டுப் போகலாமா? கை தவறி 5க்குப் பதில் 15 வைத்தால் குமிழ் தடுக்குமா? நிரலில் ஒரே ஒரு நிபந்தனை தடுக்கும்.

கைத்திறன் பற்றிய புலம்பல்தான் எனக்குக் கோபமூட்டுவது. ஒரு 3.3 வோல்ட் ரெகுலேட்டரின் உள்ளீட்டை 3 வோல்ட்டிலிருந்து 6 வரை 10 மில்லிவோல்ட் படிகளாக உயர்த்தினால் 301 அளவீடுகள். ஒவ்வொரு படியிலும் மின்னழுத்தம் நிலைபெறச் சற்றே காத்திருந்து, அளந்து, கோப்பில் எழுதிவிட்டு நிரல் அடுத்த படிக்குப் போகும். மாணவன் அந்நேரம் வரைபடத்தைப் பார்த்து யோசிப்பான். யோசிப்பதைவிடத் திருகுவது உயர்ந்த கல்வியா? கையால் 301 முறை திருகி, படித்து, குறிக்கிற பொறுமை எவருக்கும் இராது. ஆகவே பத்தோடு நிறுத்திவிட்டு நடுவில் கோடு இழுத்துவிடுவார்கள்.

இவர் செய்ததும் அதுவே. துல்லியம், மறுசோதனை என்று இரண்டு பக்கம் உபதேசித்தவர், அதே வகை ரெகுலேட்டருக்குத் தம் கையால் எடுத்ததாகப் பெருமையோடு தரும் அட்டவணையில் இருப்பது அரை வோல்ட் இடைவெளியில் ஏழே வரிகள். முழுச் சுமையில் 1.1 வோல்ட் அளவுக்கு டிராப்அவுட் (வெளியீட்டைவிட உள்ளீடு குறைந்தது எவ்வளவு கூடுதலாக இருக்க வேண்டும் என்ற அளவு) உள்ள அந்த 3.3 வோல்ட் ரெகுலேட்டரின் வளைவு திரும்புவது 4.4 வோல்ட்டை ஒட்டி; 4க்கும் 4.5க்கும் நடுவே அவரிடம் ஓர் அளவீடுகூட இல்லை.