நோயின் பெயரும் நோயாளர் வாழ்வும்

காய்ச்சல் என்னும் சொல் உடல் காய்வதைச் சொல்லி அமைந்துவிடுகிறது. மனச்சிதைவு என்னும் சொல்லோ நோயைச் சுட்டுவதோடு நில்லாமல் நோயாளருக்குத் தீர்ப்பும் எழுதிவிடுகிறது. சிதைந்த கோட்டை, சிதைந்த ஓலைச்சுவடி என்னும் வழக்குகளில் சிதைவு என்பது மீளாத அழிவு. பிணத்தை எரிக்க அடுக்கும் விறகுக்கும் சிதை என்றே பெயர். அச்சொல்லின் வேர் வேறு என்பர். ஆனால், கேட்கும் செவி வேரை ஆராய்வதில்லை.

இந்நோய் பெரும்பாலும் இளமையில் தலைகாட்டுவது. யாரும் பேசாதபோதும் குரல்கள் கேட்கும். காரணமற்ற ஐயம் வாட்டும். உரிய மருந்தும் உறவினரின் அரவணைப்பும் தொழிற்பயிற்சியும் கிடைத்தவருள் பலர் படிப்புக்கும் பணிக்கும் திரும்புகின்றனர். அவ்வாறு திரும்புவோரை வாயிலில் மறித்து நிற்பது நோயின் பெயரே. தங்கையின் திருமணப் பேச்சு தடைப்படுமே என்று அஞ்சிப் பெற்றோர் நோயை மறைப்பர், மருத்துவம் தள்ளிப்போகும், நோய் முற்றும்.

மேலைநாட்டுப் பெயரின் வரலாறும் எண்ணத்தக்கது. இளமையிலேயே அறிவு மழுங்கும் நோய் என்னும் பொருளுடைய பழைய பெயர் எல்லா நோயாளருக்கும் பொருந்தாது என்று கண்டவர், சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் பிளாய்லர். 1908இல் அவர் 'ஸ்கிசோஃப்ரீனியா' என்னும் பெயரை முன்வைத்தார். எண்ணம், உணர்வு முதலியவற்றுக்கிடையே உள்ள பிணைப்பு தளர்வதையே அவர் கருதினார். உலகமோ 'பிளவுண்ட மனம்' என்னும் நேர்ப்பொருளைப் பற்றிக்கொண்டு, ஓருடலில் இருவர் வாழ்வதாகக் கதை கட்டியது. திரைப்படங்கள் அக்கதையை இன்றும் விடவில்லை.

ஜப்பானிய மொழியிலும் அப்பெயர் 'மனம் பிளவுபடும் நோய்' என்றே வழங்கியது. அதனை மாற்றுமாறு 1993இல் வேண்டியவர்கள் நோயாளரின் குடும்பத்தார். மனநல மருத்துவர் சங்கம் 2002இல் 'ஒருங்கிணைவுக் குறைபாடு' என்னும் பொருளுடைய பெயரை ஏற்றது. தம் நோயின் பெயர் இன்னதென மருத்துவரால் அறிவிக்கப்பட்டோர் அவ்வாண்டில் ஏறத்தாழ 37 விழுக்காட்டினர். 2004இல் அது 70 விழுக்காட்டை நெருங்கியது. சொல்லக் கூசிய மருத்துவரின் நாவைப் புதிய பெயர் அவிழ்த்தது எனலாம். தென்கொரியர் 2011இல் தேர்ந்த பெயர் இன்னும் நயமானது: நரம்புக் கருவியின் நரம்பைச் சுருதி கூட்டுதல் என்னும் பொருளிலிருந்து பிறந்தது அது. சுருதி கலைந்த யாழை மீண்டும் கூட்டலாம். எவரும் அதனை எரிப்பதில்லை.

பெயரை மாற்றினால் இகழ்ச்சி நீங்கிவிடுமா என்று வினவுவோர் உளர். அவ்வினா நேரியதே. குட்டம், பெருநோய், தொழுநோய் எனப் பெயர்கள் பல வழங்கியும் ஒரு நோய்க்குரிய இகழ்ச்சி தீரவில்லை. கூட்டு மருந்துச் சிகிச்சையை உலகச் சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த பின்னரும், இந்திய மணவிலக்குச் சட்டங்களில் 2019 வரை தொழுநோய் ஒரு காரணமாக நீடித்தது. எனவே, சட்டமும் மருத்துவமும் கல்வியும் உடன்வர வேண்டும். அதற்காகப் பிழைபட்ட பெயரை வைத்துக்கொள்ள வேண்டுவதில்லை. தமிழில் கலைச்சொல் ஆக்கும் அவைகளில் மருத்துவரும் மொழியறிஞரும் அமர்கின்றனர். அப்பெயரைச் சுமந்து வாழ்வோருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் அங்கே ஓர் இருக்கை இடப்பட வேண்டும்.