கணக்கு எந்திரம் பொய் சொன்னால்?

டீக்கடைக்கு எதற்குக் கம்ப்யூட்டர் என்று கேட்டால், கேள்வி நியாயமாகத்தான் படும். ஆனால், உலகிலேயே முதன்முதலாக வியாபாரக் கணக்குப் போட்ட கம்ப்யூட்டர், ஒரு டீக்கடை கம்பெனியின் கம்ப்யூட்டர்தான்!

லண்டன் நகரில் "லயன்ஸ்" என்று ஒரு கம்பெனி இருந்தது. ரொட்டி, கேக், டீ விற்பது அதன் தொழில். நூற்றுக்கு மேற்பட்ட டீக்கடைகளை நடத்தியது. ஒரு கோப்பை டீயில் கிடைக்கும் லாபம் மிக அற்பம். கணக்கில் சிறிது பிசகினால் அந்த லாபமும் போய்விடும். ஆகவே, கணக்கு எழுதுவதற்கென்றே குமாஸ்தாக்கள் பெருங்கூட்டமாக இருந்தார்கள்.

1947-ல் அந்தக் கம்பெனியின் அதிகாரிகள் இருவர் அமெரிக்காவுக்குச் சென்றனர். கம்ப்யூட்டர் என்ற புதிய எந்திரத்தைப் பற்றி அங்கே அறிந்தனர். அப்போது இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் ஒரு கம்ப்யூட்டரைச் செய்துகொண்டிருந்தது. அதற்கு லயன்ஸ் கம்பெனி 3,000 பவுன் கொடுத்து உதவியது. (பவுன் என்பது இங்கிலாந்து நாணயம்.) பிறகு அதே மாதிரியில் தானும் ஒன்றைச் செய்தது. அதற்கு "லியோ" என்று பெயர். சுமார் 6,000 வால்வுகள் கொண்ட பெரிய எந்திரம் அது.

எட்டு நிமிட வேலை

1951 நவம்பரில் லியோ வேலையைத் தொடங்கியது. பேக்கரியில் செய்த ரொட்டி, கேக்குகளின் மதிப்பைக் கணக்கிடுவதுதான் அதன் முதல் வேலை.

பிறகு, தொழிலாளர்களின் சம்பளக் கணக்கும் அதனிடம் வந்தது. ஒருவருடைய சம்பளத்தைக் கணக்கிட, அனுபவமுள்ள குமாஸ்தாவுக்கு 8 நிமிடம் ஆகும். லியோவுக்கு ஒன்றரை வினாடி போதும்!

1954-ல் இன்னொரு வேலையும் சேர்ந்தது. ஒவ்வொரு கடைக்கும் அன்றாடம் என்னென்ன சரக்கு, எவ்வளவு வேண்டும் என்பதை எந்திரத்திற்குச் சொல்லி வைத்தார்கள். கடையை நடத்தும் பெண்மணி, அதில் மாற்றம் இருந்தால் மட்டும் போன் செய்வார். பன் இத்தனை கூடுதல், கேக் இத்தனை குறைவு என்று சொல்வார். அதைக் கேட்பவர் உடனே ஓர் அட்டையில் துளையிட்டுப் பதிவார். அந்த அட்டைகளைப் படித்து, எந்தக் கடைக்கு எவ்வளவு அனுப்புவது என்று எந்திரம் பட்டியல் போட்டுவிடும்.

சரக்கு குறைந்தால் வாடிக்கைக்காரர் திரும்பிப் போவார். கூடினால் ரொட்டி காய்ந்து போகும். இரண்டுமே நஷ்டம்தான். கடையில் நடப்பது முதலாளிக்கு உரிய நேரத்தில் தெரிந்தால், இரண்டையும் தவிர்க்கலாம். இன்று பாங்கி, ரெயில்வே, துணிக்கடை, மருந்துக்கடை எல்லாவற்றிலும் கம்ப்யூட்டர் செய்யும் தொண்டு இதுதான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கடையின் நடைமுறை தெரிந்தவர்களே லியோவுக்கு வேலை சொல்லிக் கொடுத்தார்கள். கடைக்கு என்ன வேண்டும் என்பதைக் கடைசிவரை சொன்னவர், கடையில் நின்ற பெண்மணி. எந்திரம் கூட்டியது, கழித்தது. அவ்வளவுதான்.

அதே வம்சம், வேறு கதை

லியோவின் வம்சம் வளர்ந்தது. லயன்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர் தொழில் 1963-ல் வேறொரு கம்பெனியுடன் சேர்ந்தது. அது 1968-ல் "ஐ.சி.எல்." என்ற பெரிய கம்பெனிக்குள் கலந்தது. 1990-ல் ஐ.சி.எல்.லின் பெரும் பங்கை ஜப்பானின் புஜித்சூ கம்பெனி வாங்கியது.

இந்த ஐ.சி.எல்.தான், பிரிட்டனின் தபால் ஆபீசுகளுக்கு "ஹொரைசன்" என்ற கம்ப்யூட்டர் கணக்கு முறையை அமைத்துக் கொடுத்தது. 1999-ல் அது ஊர் ஊராக வரத் தொடங்கியது.

பிரிட்டனில் கிளைத் தபால் ஆபீசுகளை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் சிறு கடைக்காரர்கள். ஒரு பக்கம் மளிகை, மறு பக்கம் தபால் கவுண்ட்டர். கணக்கில் பணம் குறைந்தால் அவர்களே கட்ட வேண்டும் என்று தபால் ஆபீஸ் நிர்வாகம் சொல்லிவந்தது.

ஹொரைசன் வந்த பிறகு பல கிளைகளில் பணம் குறைந்தது. பெட்டியில் இருக்கும் பணம் ஒன்று, கம்ப்யூட்டர் காட்டும் தொகை வேறொன்று! கடைக்காரர்கள் சேமிப்பை எடுத்துக் கட்டினார்கள். கடன் வாங்கிக் கட்டினார்கள். மறு மாதமும் குறைந்தது.

உதவி கேட்டுப் போன் செய்த பலருக்கு, உங்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தொல்லை இல்லை என்ற பதில்தான் கிடைத்தது. அது உண்மையல்ல.

ஜெயிலுக்குப் போன தாய்

கடைக்காரர்கள் மீது திருட்டு வழக்கும் பொய்க் கணக்கு வழக்கும் போடப்பட்டன. 900-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. பெரும்பாலான வழக்குகளைப் போட்டது தபால் ஆபீஸ் நிர்வாகமேதான். புகார் சொன்னதும் அதுவே! துப்புத் துலக்கியதும் அதுவே! வழக்கு நடத்தியதும் அதுவே!

2010-ல் ஒரு கர்ப்பிணிப் பெண் ஜெயிலுக்கு அனுப்பப்பட்டார். அன்றுதான் அவருடைய மகனுக்குப் பத்தாவது பிறந்த நாள். அந்தத் தாய் எதையும் திருடவில்லை. 2021-ல் அப்பீல் கோர்ட்டு 39 பேரின் தண்டனையை ரத்து செய்தது. அந்த 39 பேரில் அவரும் ஒருவர்.

கம்ப்யூட்டர் எப்படிப் பிசகியது? ஓர் உதாரணம். 2015-ல் ஸ்காட்லாந்தில் டால்மெலிங்டன் என்ற ஊரில், தபால் கவுண்ட்டரில் 8,000 பவுனைப் பதிய முயன்றார்கள். திரை அசையாமல் நின்றது. மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்தினார்கள். கம்ப்யூட்டரோ, சத்தமின்றி நான்கு முறை பதிந்துவிட்டது! கணக்கில் 24,000 பவுன் பிசகியது. யாரும் ஒரு காசுகூட எடுக்கவில்லை.

கிளைக் கணக்கைக் கம்பெனி ஊழியர்கள் வெளியே இருந்துகொண்டே மாற்ற முடியும் என்பதும் பின்னால் அம்பலமானது. அதுவும் கடைக்காரருக்குத் தெரியாமல்!

வேல்ஸ் பகுதியில் தபால் ஆபீஸ் நடத்திய ஆலன் பேட்ஸ், பணம் கட்ட மறுத்தார். 2003-ல் அவருடைய ஒப்பந்தம் பறிக்கப்பட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. மற்றவர்களைத் தேடிப் பிடித்துச் சங்கம் சேர்த்தார். 555 பேர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். ஹொரைசனில் கோளாறுகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. 2024-ல் பார்லிமெண்டு தனிச் சட்டமே செய்து நூற்றுக்கணக்கானவர்களை நிரபராதிகள் என்று அறிவித்தது.

ஆனால் போன உயிர் திரும்புமா? இந்த வேதனையால் 13 பேராவது தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்று 2025 ஜூலையில் விசாரணை அறிக்கை கூறியது.

பிழை எங்கே?

கம்ப்யூட்டரே வேண்டாம் என்று சொல்வது அறிவீனம். குமாஸ்தாவும் தவறு செய்வார். ஆனால் குமாஸ்தாவைக் கூப்பிட்டு, இந்தத் தொகை எப்படி வந்தது என்று கேட்கலாம். கம்ப்யூட்டரை யார் கேட்பது?

1984-ம் ஆண்டுச் சட்டப்படி, இங்கிலாந்தில் கம்ப்யூட்டர் கணக்கை கோர்ட்டில் காட்டினால், அது ஒழுங்காக வேலை செய்தது என்று நிரூபிக்க வேண்டும். 1999-ல் செய்த சட்டம் அந்த விதியை நீக்கியது. பிறகு, கம்ப்யூட்டர் சரி என்றே கோர்ட்டுகள் எடுத்துக்கொண்டன. தவறு என்று காட்டும் பாரம் ஏழைக் கடைக்காரர் தலையில் விழுந்தது. கம்ப்யூட்டரின் உள்ளே என்ன நடந்தது என்பதை அவர் எப்படிக் காட்டுவார்?

ஆகவே, கம்ப்யூட்டர் வைத்து நடத்தும் எந்த நிறுவனத்துக்கும் நான்கு கடமைகள் உண்டு. ஒரு தொகை எப்படி வந்தது என்பதைக் கவுண்ட்டரில் இருப்பவர் பார்க்க வழி வேண்டும். ஓர் ஊரில் வந்த புகாரை மற்ற ஊர்களில் வந்த புகாரோடு ஒப்பிட வேண்டும். கணக்கை யார் மாற்றினாலும் அதில் அவர் பெயர் பதிய வேண்டும். பணம் குறைந்தால், மனிதரைச் சந்தேகிக்கும் முன் கம்ப்யூட்டரைச் சோதிக்க வேண்டும்.

இதற்குச் செலவாகும் என்பார்கள். ஆகட்டும். குற்றமற்ற ஒரு தாயை ஜெயிலுக்கு அனுப்புவதைவிட அது மலிவு.

டீக்கடைப் பெண்மணி சொன்னதை லியோ கேட்டது. தபால் கடைக்காரர் சொன்னதைக் கேட்க ஆள் இல்லை. லாபத்துக்கும் அழிவுக்கும் இடையே உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். கம்ப்யூட்டர் நல்ல கணக்குப்பிள்ளை. அதை நீதிபதி ஆக்கக் கூடாது!